ஓடையிலிருந்து வந்த எண்கள்

ஹேமலதாவின் தம்பி இளங்கோவைப் புளியஞ்சோலை ஓடை கொண்டுபோனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூட வேலை பார்க்கும் பையன்களோடு பைக்கில் வந்தவன், அக்கா வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, "ஒரு குளியல் போட்டுட்டு வந்துடறோம்க்கா" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். கீழே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மேலே கொல்லிமலையில் மழை கொட்டியது இவர்களுக்கு எப்படித் தெரியும்? ஓடை செம்மண் நிறத்தில் பாறைகளின் மேல் ஏறி வந்தபோது மற்றவர்கள் அலறிக்கொண்டு கரையேறிவிட்டார்கள். இளங்கோ நடுப்பாறையில் தலைக்கு ஷாம்பு போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். "மேல மழை பெய்யறது உங்களுக்குத் தெரியலியா கண்ணு?" மலையிலிருந்து கிளம்பும் வெள்ளம் கீழே வந்து சேர அரைமணி நேரமாவது ஆகும் என்று வனக்காவலர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னது மட்டும் அவள் மனதில் தைத்துக்கொண்டது. அரைமணி நேரம்! அதற்குள் இளங்கோ தலையை அலசி, துவட்டி, சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கலாம். யாராவது சொல்லியிருந்தால் போதும்.

ஹேமலதா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கடைசி வருடத்தில் ஒரு கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே செய்திருந்தாள். திரையும் கீபோர்டுமாக மேசைமேல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் அல்ல அது. ஒரு முழ நீளப் போர்டு, நடுவில் ஒரு பழைய எட்டு பிட் மைக்ரோபிராசசர், பக்கத்தில் மெமரி சிப்புகள், சிவப்பு எண்கள் காட்டும் ஒரு சின்ன டிஸ்பிளே, கால்குலேட்டரில் இருப்பதுபோலக் கொஞ்சம் பட்டன்கள். போர்டைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கக் கலைந்த முடிக்கற்றை மாதிரி மெல்லிய ஒயர்கள். ஒவ்வொன்றும் அவள் உட்கார்ந்து பற்றவைத்தது. கல்யாணமாகிப் புளியஞ்சோலைக்கு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு அதுவும் லாரி ஏறி வந்தது. மும்முனை மின்சாரம் வந்ததும் கிணற்று மோட்டாரைத் தானாகப் போட்டுவிடும் வேலையை அதற்குக் கொடுத்திருந்தாள். பாக்குத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச ராத்திரியில் எழுந்து ஓட வேண்டியதில்லை என்று அவள் கணவன் தனபால் அக்கம்பக்கத்தில் பெருமை பேசுவான்.

தம்பி போன ஆறாவது மாதம் அதை மோட்டார் ரூமிலிருந்து கழற்றி எடுத்துவந்து துடைத்தாள்.

"உள்ளங்கை அளவுல எல்லாம் இப்பப் புதுசாவே கெடைக்குதே ஹேமா. இந்தக் கெழட்டுப் பொட்டிய எதுக்கு மலைக்குத் தூக்கற?" என்றான் தனபால்.

"புதுசு நின்னு போச்சுன்னா எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. இதுல எந்த ஒயர் எங்க போகுதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

தம்பியின் பெயரைச் சொல்லாமல் அவள் ஒரு காரியத்தில் இறங்கியதே அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

மேலே அவளுக்கு உதவியாக வாய்த்தவர் கருப்பண்ணன். கொல்லிமலையின் இன்னொரு பகுதியான குண்டனி நாட்டில் பிறந்து, மனைவி கண்ணாயியின் பங்கு நிலத்துக்கு வந்து குடியேறியவர். ஓடைக்குச் சரிவாக இறங்கும் அந்தக் காட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்திருந்தார்கள். மேட்டில் கொஞ்சம் சாமை. பலாக்காலத்தில் பழங்களைச் சுளையெடுத்துக் கூடையில் கட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்து, ஓடைக்குக் குளிக்க வருகிறவர்களிடம் விற்பார். இளங்கோவைத் தேடிய நாட்களில் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, தீயணைப்புக்காரர்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றவர். ஹேமலதா அவரிடம் தன் யோசனையைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்கம்மிணி, அந்தப் பொட்டி மழை தாங்குமா?"

தாங்கும்படி செய்தார்கள். ஓடைக்கரையில், வெள்ளம் எட்டாத உயரத்தில், பாறையிடுக்கில் ஆளுயரத்துக்கு ஒரு சிமென்ட் அறை கட்டினார் கருப்பண்ணன். அதற்குக் கீழே ஓடைக்குள் ஒரு பிவிசி குழாயைப் பாறையோடு செங்குத்தாகப் பதித்தார்கள். குழாயின் அடியில் தண்ணீர் புக ஒரு துளை. உள்ளே காந்தம் ஒட்டிய ஒரு மிதவை. தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறும். குழாயின் வெளியே ஒட்டியிருக்கும் சுவிட்சுகளில் எதற்கு நேராக வருகிறதோ அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் காட்டும். ஒன்று என்றால் கணுக்கால். மூன்று என்றால் கீழே ஆட்களை வெளியேற்ற வேண்டும். ஏழு என்றால் குழாயே முழுகிவிட்டது.

எண் டிஸ்பிளேயில் தெரிந்தது. ஆனால் அதைப் பார்க்க ஒரு ஆள் அறைக்குள் நிற்க வேண்டுமே. ஓடைப்பள்ளத்தில் போன் எடுக்காது. மழை வந்தால் கருப்பண்ணன் சரிவில் இறங்கி, எண்ணைப் பார்த்து, மறுபடி மேடேறி, தன் வீட்டு வாசல் மூலையில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அவளைக் கூப்பிடுவார். மூச்சு இரைக்க இரைக்க, "மூணு காட்டுதுங்கம்மிணி" என்பார். ஒருமுறை அவர் ஏறி வருவதற்குள் கீழே வெள்ளமே வந்து போய்விட்டது. நல்லவேளை அன்றைக்குக் கூட்டம் இல்லை.

"பொட்டி தானே பேசோணுங்கண்ணா" என்றாள் ஹேமலதா. "நீங்க ஓட முடியாது."

பழைய போர்டில் இடம் பார்த்து இன்னொரு சிப்பைப் பொருத்தினாள். கம்ப்யூட்டருக்குள் எட்டு ஒயர்களில் ஒரே நேரத்தில் ஓடும் எழுத்தை வாங்கி, ஒற்றை ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது அதன் வேலை. சீரியல் லிங்க் என்பார்கள். அறையிலிருந்து அந்த ஒயரை மரத்துக்கு மரம் கட்டி மேட்டுக்குக் கொண்டுபோனார் கருப்பண்ணன். மேட்டில் ஒரு மூங்கில் கழியில் ரேடியோவும் சோலார் பேனலும். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் வாய் வழியாகப் புளியஞ்சோலை ஓட்டுக்கூரைகள் தெரியும். ஹேமலதாவின் மொட்டை மாடியில் இன்னொரு ரேடியோ. அதற்கடியில் பழைய லேப்டாப்.

அனுப்பும் ஒயரை மட்டும்தான் இணைத்தாள். கீழிருந்து மேலே சொல்ல எதுவும் இல்லை என்று வாங்கும் பக்கத்தைச் சும்மா விட்டுவிட்டாள்.

முதல் நாள் லேப்டாப்பில் வந்தது பூச்சியும் புழுவுமாக என்னவோ குறிகள். ஒன்று என்று வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி, அப்புறம் வளைந்த கோடு, அப்புறம் எதுவும் இல்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒயரை மாற்றினாள், ரேடியோவை மாற்றினாள். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபோது சட்டென்று பிடிபட்டது. சீரியலில் பேசும் இருவரும் ஒரே தாளத்தில் எண்ண வேண்டும். மேலே போர்டில் தாளம் போடும் கிரிஸ்டல் அவள் படிக்கும்போது கைக்குக் கிடைத்ததை மாட்டியது. கணக்குக்குச் சரியானது அல்ல. முதல் சில துடிப்புகள் வரை இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். எழுத்து முடிவதற்குள் ஒன்று முந்திவிடும். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் அதைத் துடைக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு துறையூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

துறையூரில் கிடைக்கவில்லை. திருச்சியில் ஒரு கடையில் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாளே மலையேறி மாற்றினாள். கருப்பண்ணன் மேட்டில் நின்று தனபாலுக்குப் போன் போட்டார்.

"ஏனுங் மாப்ள, என்ன வருது?"

"ஒண்ணுன்னு வருதுங்க. மறுபடியும் ஒண்ணு. ஆமாங்க, ஒண்ணுதான்!"

கருப்பண்ணன் போனைக் காதில் வைத்தபடியே சரிவில் நின்ற ஹேமலதாவைப் பார்த்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். தம்பி போனதிலிருந்து அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். கண்ணாயி ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டு, "அழுவாத கண்ணு, பொட்டி பேசிருச்சில்ல" என்றாள். அன்று அவர்கள் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

அந்த வருடம் லிங்க் நன்றாகவே வேலை செய்தது. நிமிடத்துக்கு ஒரு எண். மூன்று வந்தால் லேப்டாப்பில் மணி அடிக்கும். அவளோ தனபாலோ ஓடைக்கு ஓடுவார்கள். இரண்டு தடவை ஆட்களைக் கிளப்பினார்கள். ஒரே தொல்லை, குழாயின் அடித்துளை. இலையும் சேறும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்துவிட்டால் வெளியே தண்ணீர் ஏறினாலும் குழாய்க்குள் ஏறாது. கம்ப்யூட்டர் ஒன்று, ஒன்று என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை கருப்பண்ணன் ஓடையில் இறங்கி ஒரு குச்சியால் குத்திவிட்டு வருவார். துளையைச் சுற்றி ஒரு கம்பிவலை மாட்ட வேண்டும் என்று ஹேமலதா சொல்லிக்கொண்டிருந்தாள். வலையும் வாங்கிவிட்டாள். அது மாடிப்படிக்கு அடியில் சுருட்டியபடியே கிடந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. ஓடையில் திருவிழாக் கூட்டம். வேன்களில் வந்து இறங்கியவர்கள் பாறைகளின் மேல் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே வெயில். ஆனால் மலை முகட்டைக் கருமேகம் மூடியிருந்தது. கண் கூசும்படி ஒரு மின்னல்கூட வெட்டிப் போயிற்று. ஹேமலதா மாடிக்குப் போய்ப் பார்த்தாள். லேப்டாப்பில் ஒன்று. சற்றுக் கழித்துப் பார்த்தாள். ஒன்று.

கருப்பண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அங்க மழைங்களா?"

"இங்க தூறல்தானுங்கம்மிணி. மேல கோயில் பக்கம் நல்லாக் கொட்டுது. இருண்டு கெடக்குது."

"இங்க ஒண்ணே காட்டிட்டிருக்குதுங்கண்ணா. அடியில அடச்சிருச்சோ என்னமோ. கொஞ்சம் போயிப் பாக்கறீங்களா? கீழ கூட்டம் பயங்கரமா இருக்குது."

பின்னால் கண்ணாயி ஏதோ கேட்டது இவளுக்கும் கேட்டது. கருப்பண்ணன் அவளிடம், "இப்ப வந்துருவேன், சோத்தப் போட்டு வையி" என்றார். அப்புறம் போனில், "செரி அம்மிணி, பாத்துட்டு வாரேன்" என்றார். அவ்வளவுதான்.

ஹேமலதா லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்று. ஒன்று. அவர் இந்நேரம் மிளகுக்கொடிகளைத் தாண்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்று. அறைக்குப் பக்கத்தில் இறங்கியிருப்பார். ஒன்று.

நான்கு.

இடையில் இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை. மணி அலறத் தொடங்கியது. அடைப்பை எடுத்துவிட்டார் என்று அவளுக்கு உடனே புரிந்தது. அடுத்து புரிந்தது, வெளியே தண்ணீர் நான்கில் இருக்கும்போது அந்த மனிதர் குழாயின் அடியில் குனிந்திருக்கிறார் என்பது. "அண்ணா, மேல ஏறுங்க!" என்று அவள் லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினாள். மேலே அந்த அறையில் அதைக் கேட்க எதுவும் இல்லை. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் திரையில் ஆறு என்று வந்தது.

அதற்கப்புறம் அவள் செய்ததெல்லாம் வேறு யாரோ செய்தது மாதிரி இருந்தது. "ஏனுங்க, வாங்க!" என்று தனபாலைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு ஓடைக்கு ஓடினாள். தனபால் விசிலை ஊதினான். பாதிப் பேர் எழுந்தார்கள். பாதிப் பேர் வானத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

"மழையே இல்லியேம்மா? பிரியாணி தம்முல இருக்கு" என்றான் கூலிங்கிளாஸ் போட்ட ஒருவன்.

ஹேமலதா அவன் அடுப்பைக் காலால் எட்டி உதைத்தாள். சட்டி உருண்டு தண்ணீரில் விழுந்தது. "எந்திரிடா! எந்திரிச்சு மேல போடா! என் தம்பி இங்கதான் செத்தான்!" என்று அவள் போட்ட கூச்சலில் பாறைகளின் மேல் இருந்த அத்தனை பேரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நகர்ந்தார்கள். திட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். கடைசியாக ஒரு அம்மாள் நனைந்த சேலையைப் பிழிந்தபடி ஏறி வந்ததும், மேலே மரங்களுக்கிடையில் லாரி உருளுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. செந்தண்ணீர் கிளைகளையும் கற்களையும் புரட்டிக்கொண்டு வந்து, அவர்கள் சமைத்துக்கொண்டிருந்த பாறைகளை மூடிக்கொண்டு போயிற்று.

கூலிங்கிளாஸ்காரன் அவளைப் பார்த்துக் கைகூப்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வருகிற ஒவ்வொரு கட்டையையும், ஒவ்வொரு துணியையும்.

வீட்டுக்கு வந்து மறுபடி போன் போட்டாள். இந்தமுறை கண்ணாயி எடுத்தாள்.

"அவரு போன வாசல்லயே வெச்சுட்டுப் போயிட்டாரு கண்ணு. இன்னும் வரலியே. சோறு ஆறிப்போச்சு. நீ என்னமோ பாக்கச் சொன்னியாமே?"

ஹேமலதா போனைத் தனபாலிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். லேப்டாப்பில் ஏழு, ஏழு, ஏழு என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது.

கருப்பண்ணன் அன்று கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. அவர் மகன் செல்வம் திருப்பூரிலிருந்து வந்து, மேலிருந்து ஓடையோடு தேடிக்கொண்டே இறங்கினான். கடைசியில் கீழே, ஓடை வயல்வெளிக்குள் விரியும் இடத்தில், நாணல் புதரில் தனபால்தான் அவரைப் பார்த்தான். இளங்கோ கிடைத்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். வலது கையில் நகங்களுக்குள் சேறு இறுகியிருந்தது. செல்வம் அப்பாவின் கையை ஓடைத் தண்ணீரில் கழுவிவிட்டான். பக்கத்தில் நின்ற ஹேமலதாவை அவன் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதற்கிடையில், அன்று கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அடுப்பை எட்டி உதைக்கும் பெண், பின்னாலேயே வரும் வெள்ளம். பார்த்தவர்கள் அவளைக் கொற்றவை என்றும் காவல் தெய்வம் என்றும் எழுதினார்கள். ஒரு சங்கத்தார் சால்வையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தனபால் வாசலிலேயே அவர்களை நிறுத்தி, "ஊட்டுல துக்கமுங்க" என்று அனுப்பிவைத்தான். யாருக்கு என்ன ஆனது என்று அவர்கள் கேட்டதற்கு அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. உறவு என்று சொல்ல ஒரு முறையும் இல்லையே.

காரியம் முடிந்தபிறகு ஹேமலதா மலைக்குப் போனாள். தனபால் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

கண்ணாயி வாசலில் மிளகுக்கதிர் உருவிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஹேமலதா எதிரே தரையில் உட்கார்ந்தாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஆனால் கண்ணாயிதான் முதலில் கேட்டாள். "அவரு தண்ணியில நின்னது உனக்கு அங்க தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"எப்பிடி?"

"ஒண்ணு ஒண்ணுன்னு வந்துட்டே இருந்துச்சு. திடீர்னு நாலுன்னு வந்துச்சு. அவரு அடைப்ப எடுத்துவிட்டாத்தான் அப்பிடி வரும்."

"அப்புறம்?"

"அடுத்து ஆறு வந்துச்சு."

கண்ணாயி கையிலிருந்த கதிரைக் கீழே வைத்தாள். "நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல எத்தன நேரம்?"

"ஒரு நிமிஷங்க."

கண்ணாயி தலையை ஆட்டினாள். அழுவாள் என்று ஹேமலதா நினைத்தாள். அவள் அழவில்லை. ரொம்ப நிதானமாகப் பேசினாள். "அவரு இந்த ஓடையிலயே கெடந்தவரு. தண்ணி ஏறியிருக்குன்னு பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். முன்னயா இருந்தா என்ன பண்ணியிருப்பாரு? மேல ஓடியாந்து உனக்குப் போன் போட்டிருப்பாரு. எத்தன தடவ மூச்சு வாங்க ஓடியாந்திருக்காரு, நானே பாத்திருக்கறேன். இப்பத்தான் ஒயர் இருக்குதே. மேடேறற நேரத்துல அந்தத் தொளயக் குத்திவிட்டுட்டா ஒயரே சொல்லிரும்னு நெனச்சிருப்பாரு. கீழ அத்தன சனம்னு நீ சொன்னியே."

அவரை அனுப்பியது தான்தான் என்பதை மட்டுமே இத்தனை நாளும் ஹேமலதா நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள். இதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அவர் ஓட வேண்டாம் என்றுதான் அந்த ஒயரைப் போட்டாள். ஓடியிருந்தால் உயிரோடு இருந்திருப்பார்.

"கம்பிவலை வாங்கி வெச்சிருந்தேனுங்க" என்றாள். எதற்காக அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "மாட்டாமயே விட்டுட்டேன்."

"அதச் சொல்லி இப்ப என்ன ஆவுது" என்றாள் கண்ணாயி. "பொட்டிய எடுத்துட்டுப் போயிரு. என் காட்டுல அது வேண்டாம். இனி எம்பையன் வந்தாலும் அந்த ஓடையில ஒருத்தரும் எறங்கக் கூடாது."

ஹேமலதா சரிவில் இறங்கினாள். வெள்ளம் குழாயை முறித்துக் கொண்டுபோயிருந்தது. பாறையில் இரும்புப் பட்டைகள் மட்டும் வளைந்து நின்றன. ஆனால் அறைக்குள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எந்தச் சுவிட்சும் இல்லாததால் டிஸ்பிளேயில் பூஜ்யம் எரிந்தது. பேட்டரியைக் கழற்றியதும் அது அணைந்தது. போர்டை ஒரு பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மரத்துக்கு மரம் கருப்பண்ணன் கட்டிய ஒயரை அவிழ்த்துக்கொண்டே மேடேறினாள். ஒவ்வொரு மரத்திலும் ஒயர் பட்டையை அறுக்காதபடி அவர் ஒரு துண்டு சைக்கிள் டியூபை வைத்துக் கட்டியிருந்தார். ஹேமலதா வாசலைத் தாண்டிப் போகையில் கண்ணாயி உள்ளே போய்விட்டிருந்தாள்.

அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேமலதாவும் தனபாலும் மாறி மாறி ஓடைக்கரையில் விசிலோடு உட்கார்ந்தார்கள். மேகத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. காரணமில்லாமல் விரட்டுகிறார்கள் என்று ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். வீடியோவைப் பார்த்திருந்த சிலர் அவளோடு செல்பி எடுத்துக்கொள்ள வந்தார்கள். அவர்களிடமிருந்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தை பிறந்தபிறகு போர்வையைப் பிரித்தாள். இந்தமுறை குழாய் வேண்டாம் என்று முடிவுசெய்தாள். ஓடைக்குக் குறுக்கே இரண்டு மரங்களுக்கிடையில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் நடுவிலிருந்து ஒலியை அனுப்பித் தண்ணீர் மட்டத்தை அளக்கும் ஒரு கருவியைத் தொங்கவிட்டால், யாரும் ஓடையில் கால் வைக்க வேண்டியதில்லை. போர்டில் சும்மா விட்டிருந்த வாங்கும் பக்கத்தையும் இணைத்தாள். கீழே ஒரு பட்டனை அழுத்தினால் மேலே ஒரு ஹாரன் அலறும். இதையெல்லாம் முன்பே செய்திருக்கலாம். பற்றவைக்கும்போது ஒவ்வொரு ஒயரும் அதைத்தான் சொன்னது. கண்ணாயியின் காட்டில் இடம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. வெகுதூரம் கீழே, காளியண்ணன் என்பவரின் காட்டோரத்தில் இடம் கிடைத்து, எல்லாவற்றையும் அங்கே மாட்டினாள். அங்கிருந்து வெள்ளம் புளியஞ்சோலைக்கு வந்து சேரும் நேரம் பாதிக்கும் குறைவு. ஓட்டமாக ஓடினால் ஒருவேளை போதும்.

அடுத்த ஆனியில் ஒருநாள். வாசலில் பாக்கு காயவைத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. திரையில் 'கருப்பண்ணன் அண்ணா' என்று வந்தது. அந்தப் பெயரை அழிக்க அவளுக்குக் கை வந்திருக்கவில்லை.

எடுத்துக் காதில் வைத்தாள். எதிர்ப்பக்கம் கூரைமேல் மழை விழும் சத்தம் கேட்டது.

"இங்க நல்ல மழை" என்றாள் கண்ணாயி.

"அக்கா..." என்று இவள் தொடங்குவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. திருப்பிக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

அந்த வருடம் மழை வந்த ஒவ்வொரு நாளும் கண்ணாயி கூப்பிட்டாள். மழை என்ற சொல்லுக்குமேல் ஒன்றும் பேசியதில்லை. நலம் விசாரித்ததில்லை, மலைக்கு வா என்று சொன்னதில்லை. துறையூர்ச் சந்தையில் ஒருமுறை நேருக்கு நேர் பார்த்தபோதும் மிளகுச் சாக்கை இடுப்பு மாற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். ஹேமலதாவும் பின்னாலேயே போகவில்லை.

போன் வந்ததும் ஹேமலதா விசிலை எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடப்பாள். வெள்ளம் இன்னும் காளியண்ணன் காட்டுக்கு வந்திருக்காது; மாடியில் லேப்டாப் அப்போதும் ஒன்று என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும்.